திரைக்கு வெளியே தள்ளிவைத்த ஒரு பத்தி

எட்டாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றவன் நான். டெல்லிக்கு வந்த புதிதில் ஒரு சர்க்கார் கட்டடத்தின் கேன்டீனில் தட்டு எடுத்தேன். பிறகு ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகைகளும் விசிட்டிங் கார்டுகளும் அடித்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் வெப் பக்கம் என்று ஒன்று வந்தது. பட்டம் வாங்கியவர்கள் எந்த வகுப்பில் சேரலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது, நான் அடுத்தவர்கள் செய்த பக்கங்களின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு இங்கிலீஷ் பேச வராது. ஆனால் ஒரு பக்கம் எங்கே உடைந்திருக்கிறது என்று நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.

இந்த வேலைக்கு இப்போது வந்திருக்கும் பிள்ளைகள் இதைப் பெருமையடிப்பு என்று நினைக்கலாம். பெருமைதான். நேரு பிளேஸிலிருந்து போன் வரும். "அண்ணாச்சி, வலப்பக்கப் பத்தி அப்படியே கீழே விழுந்துடுச்சு. கிளையன்ட் உக்காந்திருக்கார்" என்று குரல் நடுங்கும். நான் போவேன். அந்த வெப் பக்கத்தில் எழுத்தையும் படத்தையும் தாங்கும் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரு சிவப்புக் கரை போடுவேன். எந்தப் பெட்டி தன் இடத்தைத் தாண்டி ஐந்து திரைப்புள்ளி பருத்திருக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். அந்த ஐந்தைக் குறைத்தால் விழுந்த பத்தி தானாக மேலே ஏறிக்கொள்ளும். டீ வருவதற்குள் வேலை முடிந்துவிடும். கிளையன்ட் கைகொடுப்பார்.

அந்த மாதிரி கதை என்னிடம் ஐம்பது இருக்கிறது. கேட்டால் சொல்வேன். ஆனால் எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு தப்பைப் பற்றி. அதைச் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்லிக்கொண்டிருப்பது இந்த வயதில் சரியாகப் படவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருஷங்கள். சவுத் எக்ஸ்டென்ஷனில் ஒரு பேஸ்மென்டில் எங்கள் ஆபீஸ். முதலாளி தமிழர், ஆர்.கே.புரத்தில் வளர்ந்தவர். நான் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிட்வாய் நகரில், ஒரு குவார்ட்டர்ஸின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தேன். முன்பக்கம் குடியிருந்தவர் தஞ்சாவூர்க்காரர், அமைச்சகத்தில் கிளார்க். அவருடைய மகனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. பி.ஏ. முடித்திருந்தார். கண் தெரியாதவர்களுக்கான கம்ப்யூட்டர் பயிற்சியும் முடித்திருந்தார். "எங்கேயாவது பாருங்க சார்" என்று அந்த அப்பா ஒருநாள் என்னிடம் கேட்டார். என்னைவிட இருபது வயது சின்னவர் என்பதால் அந்த மகனை நான் தம்பி என்று கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

தம்பியை ஆபீசுக்குக் கூட்டிப்போன அன்று நான் ஒரு பக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பாதிக்குக் கீழே எழுத்தெல்லாம் சிறுத்து, வலது ஓரமாக ஒதுங்கி நின்றது. காலையிலிருந்து, பக்கத்துக்கு உடுப்பு மாட்டுகிற சி.எஸ்.எஸ்.ஸில் அளவை மாற்றி, நிறத்தை மாற்றி, கடைசியில் நீங்களெல்லாம் செய்கிற மாதிரியே வரிக்கு வரி, இதைத்தான் கேட்கவேண்டும் என்று கட்டளையிடும் 'இம்பார்ட்டன்ட்' சுத்தியலால் அடித்தும் பார்த்துவிட்டேன். அசையவில்லை.

"சும்மா கேட்டுப் பாக்கட்டுமா?" என்றார் தம்பி.

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேக்கட்டும். உங்களுக்குத்தான் பாத்து ஒண்ணும் ஆகலியே."

தம்பி கொண்டுவந்திருந்த சி.டி.யிலிருந்து, திரையில் இருப்பதைக் குரலாகப் படிக்கிற மென்பொருளை ஏற்றிக்கொண்டார். ஹெட்போன் மாட்டினார். கீழே போகிற பொத்தானைத் தட்டிக்கொண்டே போனார். ஐந்து நிமிஷம் இருக்கும்.

"அண்ணாச்சி, லிஸ்ட் எங்க முடியுது?"

"மேலயே முடிஞ்சிருச்சே தம்பி. அஞ்சு வரி லிஸ்ட்."

"உங்களுக்கு முடிஞ்சிருச்சு. இதுக்கு முடியல. லிஸ்ட் முடிஞ்சா முடிஞ்சதுன்னு சொல்லும். இது பேஜ் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."

போய்ப் பார்த்தால், அந்த லிஸ்டை மூடுகிற குறியை நான் போடவே இல்லை. அதனால் பக்கத்தின் மிச்சம் முழுவதும் தன்னையும் லிஸ்ட் என்று நினைத்துக்கொண்டு, லிஸ்டுக்குச் சொன்ன சின்ன எழுத்தை வாங்கி உடுத்திக்கொண்டிருந்தது. சி.எஸ்.எஸ். மேல் ஒரு குற்றமும் இல்லை. உடுப்பு பொருந்தவில்லை என்றால் முதலில் எலும்பு நேராக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ஐந்து நிமிஷம்.

"அச்சா, நாளைலேர்ந்து வந்துடுப்பா" என்றார் முதலாளி.

தம்பியின் மென்பொருள் காசு கொடுத்து வாங்கியது அல்ல, மாதிரிக்குக் கொடுப்பது. நாற்பது நிமிஷம் பேசும், பிறகு ஊமையாகிவிடும். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டால் மறுபடியும் நாற்பது நிமிஷம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் எழுந்து நிற்கவே நேரமாகும். தம்பி அந்த இடைவெளியில் வேர்க்கடலை உரிப்பார். அப்படியும் தினம் காலையில் வந்ததும் எங்கள் கம்பெனியின் சொந்தப் பக்கங்களைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை கேட்பார். அப்புறம்தான் கிளையன்ட் பக்கங்கள். பதினோரு மணிக்கு டீக்காரப் பையா வரும்போது, எல்லோர் முன்னாலும் அன்றைய குறைகளை வாய்விட்டுச் சொல்வார். குறைக்கு அவர் வைத்திருந்த பேர் 'கேஸ்'.

"இன்னிக்கு மூணு கேஸ். ரெண்டு அண்ணாச்சியோடது, ஒண்ணு கடவுளோடது."

"கடவுளோடதா? அது என்ன வே?"

"ப்ரௌசர், அண்ணாச்சி. அது ஏன் அப்படிப் பண்ணுதுன்னு யாருக்கும் தெரியாது. கும்பிட்டுட்டுப் போகணும்."

எங்களுக்குள் ஒரு பங்கீடு இருந்தது. காது அவருடையது, கண் என்னுடையது. எது எதற்குப் பின்னால் வருகிறது, எது மூடாமல் கிடக்கிறது, எந்த இணைப்பு எங்கே போகிறது, இதெல்லாம் அவர். நிறம், அளவு, இடைவெளி நான். முதலாளிக்கும் இது தெரியும். ஆனால் யாரும் எழுதிவைக்கவில்லை.

அப்போதெல்லாம் பக்கத்தின் தலைப்புகளை அழகாகக் காட்டப் படமாகப் போடுவோம். தம்பியின் குரலுக்குப் படத்தில் இருக்கும் எழுத்து தெரியாது. "எல்லா இடத்துலயும் 'டைட்டில் நாலு, டைட்டில் அஞ்சு'ன்னு ஃபைல் பேரைக் கத்துது, அண்ணாச்சி. எந்த ரூம்ல நிக்கறேன்னே தெரியல" என்றார். நான் ஒரு வெளிநாட்டுப் பக்கத்தின் உள்ளே பார்த்து ஒரு வித்தை எடுத்தேன். தலைப்பை எழுத்தாகவும் எழுதி, அந்த எழுத்தை மட்டும் திரைக்கு இடப்பக்கம் ஒன்பதாயிரம் புள்ளிக்கு அப்பால் தள்ளிவிடுவது. கண் உள்ளவர்களுக்குப் படம் தெரியும், தள்ளிய எழுத்து தெரியாது. குரலுக்கு இடம் வலம் கிடையாது. அது எழுத்தைக் கண்டால் படித்துவிடும். முதல் தடவை கேட்டபோது தம்பி என் தோளைத் தேடிப் பிடித்துத் தட்டினார். "இப்பதான் ரூமுக்கு ரூம் கதவு இருக்கு." அதற்குப் பிறகு நான் செய்த எல்லாப் பக்கத்திலும் இதைச் செய்தேன். யோசிக்காமலே கை செய்யும் அளவுக்குப் பழகிப்போனது.

ஒரு டிசம்பரில் ஒரு பெரிய மின்விசிறிக் கம்பெனியின் பக்கங்கள் எங்களுக்குக் கிடைத்தன. முதலாளி அதுவரை பிடித்த வேலைகளில் அதுதான் பெரியது. முடித்து, அவர்களுடைய ஹாலில் எல்லா அதிகாரிகளுக்கும் முன்னால் புரொஜெக்டர் போட்டுக் காட்டினோம். முதல் பக்கம் போனது, கைதட்டினார்கள். சர்வீஸ் சென்டர் பக்கம் வந்தது. ஊர்ப் பெயர்கள் தெரிந்தன. அவற்றுக்கு எதிரே இருக்க வேண்டிய போன் நம்பர்கள் ஒன்றுகூட இல்லை. வெள்ளைச் சுவர்.

நம்பர்கள் இருந்தன. வெள்ளையின் மேல் வெளிறிய சாம்பல் நிறத்தில் நான்தான் போட்டிருந்தேன். என் மேஜையில் இருந்த பழைய மானிட்டர் எல்லாவற்றையும் ஒரு படி கறுப்பாகக் காட்டும். அதில் மென்மையாக, கண்ணுக்கு இதமாக இருந்தது. வேறொரு மானிட்டரில் ஒருமுறை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. என் கண்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்தக் கம்பெனியின் மேனேஜர் சுவரைப் பார்த்தார், பிறகு எங்கள் முதலாளியைப் பார்த்தார். "இதை யார் டெஸ்ட் செய்தது?" என்று ஹிந்தியில் கேட்டார். முதலாளி என் பக்கம் திரும்பினார். அவர் முகம் எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. ஹாலில் பதினைந்து பேர். கோட்டு சூட்டு போட்டவர்கள் நடுவில் கேன்டீனில் தட்டு எடுத்தவன் நான்.

"டெஸ்டிங் தம்பிதான்" என்றேன்.

அது பொய் இல்லை. டெஸ்டிங் என்ற பெயரில் சம்பளம் வாங்கியவர் அவர்தான். முதலாளி மேனேஜரிடம் அதைச் சொல்ல, கூட்டத்தில் இருந்த ஒருவர், "உங்க ஆபீஸுக்கு வந்தப்ப பாத்தோமே, அந்தக் கண் தெரியாத ஆளா?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள்.

சாயங்காலம் முதலாளி தம்பியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பேஸ்மென்டில் அறை என்றால் ஒரு பிளைவுட் தடுப்பு. எல்லாம் கேட்கும்.

"நீ பாத்துட்டு ஓகேன்னு எப்படிச் சொன்னே?"

நிறம் அண்ணாச்சியோட வேலை என்று தம்பி ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியும்.

"சாரி, சார்" என்றார்.

மூன்று நாள் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. பேசும்போது என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நல்ல பையன்தான். ஆனா அவங்க மறுபடி ஆபீஸுக்கு வருவாங்க. இவனை உக்கார வெச்சு எப்படிக் காட்டறது? மாசக் கடைசியோட அனுப்பிடலாம். நானே சொல்லிக்கறேன். ஒண்ணாம் தேதி நம்ம வேலைவாய்ப்பு பக்கத்துல விளம்பரம் வரணும். எழுதித் தயாரா வைங்க. அதுவரைக்கும் யார் கண்ணுலயும் பட வேணாம்."

அந்த அறையில் நான் நின்றது நாலைந்து நிமிஷம் இருக்கும். அது என் தப்பு என்று சொல்லவேண்டிய இடம் அதுதான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எட்டாம் வகுப்புத் தோல்வி, ஐம்பதை நெருங்குகிற வயது, இந்த ஆபீஸை விட்டால் எவன் என்னைச் சேர்ப்பான் என்று ஒரு கணக்கு உள்ளே ஓடியது. "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விளம்பரத்தை அன்றைக்கே எழுதினேன். இங்கிலீஷில் இரண்டு வரி, முதலாளி எழுதிக்கொடுத்தது. பக்கங்களைச் சரிபார்க்க ஆள் தேவை. நல்ல கண்பார்வை உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும். பக்கத்தில் ஏற்றினேன். ஒண்ணாம் தேதிவரை யாருக்கும் தெரியாமல் இருக்கவேண்டுமே. எழுத்தை மறைக்க நாலு வழி உண்டு. என் கை தனக்குப் பழகிய வழியை எடுத்தது. அந்தப் பத்தியை இடப்பக்கம் ஒன்பதாயிரம் புள்ளிக்கு அப்பால் தள்ளினேன். திரையில் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பதினோரு மணி. டீ வந்தது. முதலாளி தன் அறையில் இருந்தார். தம்பி எழுந்து நின்றார். பொதுவாக உட்கார்ந்தபடிதான் சொல்வார்.

"இன்னிக்கு நாலு கேஸ்" என்றார். முதல் மூன்றும் வழக்கமானவை. குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. "நாலாவது, நம்ம சொந்தப் பக்கம். வேலைவாய்ப்பு. அதுல ஒரு பாரா ஸ்கிரீனுக்கு வெளில கிடக்குது. கண்ணு தெரியறவங்க யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் கேக்குது."

டீ கிளாஸ் என் கையில் இருந்தது. ஆபீஸில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன பாரா?" என்றார் ஒருவர்.

"அது ஒரு பழைய விளம்பரம் தம்பி" என்றேன். "அழிக்க மறந்துட்டேன்."

"பழசா?" தம்பி தலையை லேசாகச் சாய்த்தார். "நேத்து காலைல கேட்டப்ப இது இல்லியே, அண்ணாச்சி."

பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் முதலாளியின் நாற்காலி கிறீச்சிட்டது.

"அச்சா, பரவால்ல" என்றார் தம்பி. "எடுக்கறதுன்னா எடுத்துடுங்க. போடறதுன்னா எல்லாரும் பாக்கற மாதிரி உள்ள கொண்டாந்துடுங்க. நடுவுல விடாதீங்க. அது தப்பு. கேஸ் க்ளோஸ்."

உட்கார்ந்து டீயைக் குடித்தார்.

தினமும் சாயங்காலம் நாங்கள் சேர்ந்துதான் வீட்டுக்குப் போவோம். ரிங் ரோட்டைக் கடக்கும்போது அவர் என் வலது முழங்கையைப் பிடித்துக்கொள்வார். அன்றைக்குத் தனியாகப் போய்விடுவார் என்று நினைத்தேன், ஒருவகையில் அப்படிப் போனால் தேவலை என்றுகூட நினைத்தேன். அவர் வாசலில் நின்று, "கிளம்பலாமா அண்ணாச்சி?" என்றார். வழக்கம்போலவே முழங்கையைப் பிடித்தார்.

பாதிச் சாலையைக் கடந்து நடுவில் இருக்கும் திட்டில் நின்றோம். இரண்டு பக்கமும் பஸ்ஸும் ஆட்டோவும் இரைந்துகொண்டிருந்தன. குளிரில் அவர் என் பக்கமாக ஒண்டி நின்றார்.

"அந்த நம்பரெல்லாம் என்ன கலர்ல போட்டிருந்தீங்க?"

"சாம்பல்."

"சாம்பல்னா வெள்ளைக்குப் பக்கத்துலயா, கறுப்புக்குப் பக்கத்துலயா?"

"வெள்ளைக்குப் பக்கத்துல தம்பி."

வண்டிகள் வரும் பக்கம் காதைத் திருப்பினார்.

"உங்க கேஸ்னு சார்கிட்ட சொல்லியிருந்தா, உங்களை அனுப்பியிருப்பாரா?"

நான் யோசித்தேன். அவ்வளவு நாள் கழித்து அப்போதுதான் ஒழுங்காக யோசித்தேன். எங்கள் ஆபீஸில் பக்கம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என்னை அனுப்பிவிட்டு அவர் என்ன செய்வார்?

"அனுப்பியிருக்க மாட்டாரு" என்றேன். "ஒருநாள் திட்டியிருப்பாரு. அவ்வளவுதான்."

"ம்" என்றார் தம்பி. "இப்ப போலாம். அந்தப் பக்கம் வண்டி இல்ல."

மறுநாள் அவர் வரவில்லை. அவருடைய அப்பா வந்து, ராஜினாமாக் கடிதத்தை முதலாளி கையில் கொடுத்துவிட்டு, எனக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். நான் அந்தப் பத்தியை உள்ளே கொண்டுவந்தேன். ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். மாற்றினேன்.

இந்த வேலையில் ஒரு பக்கம் உடைந்தால் யாருடைய கை என்று கண்டுபிடிக்க ஆயிரம் வழி இருக்கிறது. சிவப்புக் கரை போடலாம், வரி வரியாக அணைத்துப் பார்க்கலாம். நம்முடைய கைதான் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு ஒரே வழிதான். அதை அந்த ஹாலிலேயே செய்துவிட வேண்டும். பதினைந்து பேர் முன்னால் சொல்வது கஷ்டம்தான். மூன்று நாள் கழித்து ஒருவர் முன்னால் சொல்வது அதைவிடக் கஷ்டம். அதற்குப் பிறகு வரும் இடங்களைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு முன்பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர்கள் எல்லோர் எதிரிலும் சொல்லிவிடுவது என்று முடிவு. தம்பியும் அப்பாவும் ஆர்.கே.புரம் முருகன் கோவிலான மலை மந்திருக்குப் போயிருந்தார்கள். அவருடைய அம்மா மட்டும்தான் இருந்தார்கள்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. இப்ப வந்துடுவாங்க" என்று நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்தார்கள். காபி கொண்டுவந்தார்கள். "நீங்க எங்க புள்ளைக்குச் செஞ்சதை நாங்க மறக்க மாட்டோம். இந்த ஊர்ல யாரு செய்யறாங்க? ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போயி, கையைப் புடிச்சு ரோடு தாண்டிக் கூட்டிட்டு வந்து..."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

"ஏன் வேலையை விட்டேன்னு கேட்டா வாயே தொறக்கல. ரெண்டு நாள் கழிச்சு சொல்றான். ஏதோ ஒரு கலரைத் தப்பா விட்டுட்டானாம். பெரிய கம்பெனிக்காரங்க முன்னாடி எல்லாருக்கும் அவமானமாப் போயிடுச்சாம். அவன் தப்புதான்னு சொல்றான்." முந்தானையால் மேஜையைத் துடைத்தார்கள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேஜை. "நானும் அவங்க அப்பாவும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறோம், ஒண்ணும் புரியல. நீங்க விஷயம் தெரிஞ்சவரு. நீங்களாச்சும் சொல்லுங்க. பொறந்ததுலேர்ந்து கண்ணே தெரியாத புள்ள, கலர்ல எப்படிங்க தப்பு பண்ணும்?"

காபி சூடாக இருந்தது. அதை ஊதினேன். குடித்து முடிக்கும்வரை அந்த அம்மாள் பதிலுக்காக எதிரே நின்றுகொண்டிருந்தார்கள்.